மலையகத் தோட்டங்களில் குளுக்கோமா பரிசோதனை முகாம்கள்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் இலவசக் கண் பரிசோதனை முகாம்களுக்குப் பெரும்பாலோர் கண்ணாடிக்காகவும் கண்புரைக்காகவும் வருகிறார்கள். வந்தவருக்கே தெரியாமல் கண்ணில் குடியிருக்கும் குளுக்கோமாவை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கவும் இதே முகாம் வாய்ப்பளிக்கிறது.

இந்த நோயில், கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாதபோது அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக அழிகின்றன. அந்த நரம்பில் இருப்பவை 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் தேய்வது பக்கப் பார்வை. நேர்ப் பார்வை கடைசிவரை நிற்பதால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளும் கை தடுமாறுவதில்லை. மலைச் சரிவில் ஓரத்துக் கானும் கல்லும் கண்ணில் படாமல் கால் இடறுகிறது. "வயசாகிப் போச்சு" என்று அதையும் விட்டுவிடுகிறார்கள்.

1990களில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆராய்ந்தது. 2.6 சதவீதத்தினருக்குக் குளுக்கோமா இருந்தது; அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அறியாமலேயே இருந்தார்கள். மலையகத் தொழிலாளரின் முன்னோர் பலர் புறப்பட்டு வந்தது தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்துதான்.

முகாமில் முதலில் எழுத்துப் பலகை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, கோடுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கையால் காட்டும் பலகை உண்டு. அடுத்து, நெற்றிப்பொட்டின் பக்கமிருந்து டோர்ச் அடிக்கிறார்கள். கண்மணியைச் சுற்றிய திரையில் மூக்கோரமாக நிழல் விழுந்தால், நீர் வடியும் கோணம் குறுகியிருக்கலாம். அப்படிப்பட்டவருக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்தே அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடக்கூடும் என்பதால், அந்த நிழலைப் பார்த்துவிட்டுத்தான் மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டும். பிறகு கண்ணழுத்தம் அளக்கப்படுகிறது. வழமையான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். ஆனால் இதற்குள் இருப்பவர்களுக்கும் குளுக்கோமா வருவதுண்டு. நரம்பின் நடுவிலுள்ள குழி பெரிதாகியிருக்கிறதா என்று கண்ணின் உட்புறத்தைப் பார்க்காமல், அழுத்தத்தை மட்டும் அளந்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பும் முகாம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

கண்புரைக்கு ஒரு சத்திரசிகிச்சை போதும். மங்கிய கண் திரும்பத் தெரியும். குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. மிஞ்சியதைக் காக்க ஆயுள் முழுவதும் சொட்டுமருந்து தேவைப்படலாம். சிலருக்கு லேசர், சிலருக்குச் சத்திரசிகிச்சை. கண் நன்றாகத் தெரியும்போதே மருந்து ஊற்றச் சொல்வதால் பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள்.

சந்தேகமானவர்களை வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அனுப்பும் சீட்டோடு முகாம் முடிந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. டிக்கோயாவில், 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த 150 படுக்கைகள் கொண்ட கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் கிளினிக் நாளில் கொழுந்து கிள்ள மலைக்குப் போகாதவருக்கு அன்றைக்குப் பேர் (நாட்சம்பளம்) இல்லை. பஸ் காசு வேறு. மாதாமாதம் அந்த இழப்பைத் தாங்குவது எளிதல்ல.

முகாம்களுக்குப் பேர்போன அரவிந்துக்கே, முகாம் மட்டும் போதாது என்ற பாடம் கிடைத்தது. கண் குறை உள்ள கிராமத்தாரில் சுமார் 7 சதவீதத்தினரே முகாமுக்கு வந்தார்கள் என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. 2004 முதல் அரவிந்த் ஊர்களில் நிரந்தரக் கண் மையங்களைத் திறந்து, தொலைமருத்துவத்தால் வைத்தியரோடு இணைத்தது. மலையகத்தில் தோட்ட மருந்தகமே அப்படியொரு மையத்துக்கு ஏற்ற இடம்; சொட்டுமருந்து தீருமுன் கிடைக்கவும், அழுத்தத்தை மறுபடி அளக்கவும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் வேறு இடமில்லை.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குளுக்கோமா இருந்தால் ஆபத்து பல மடங்கு. 40 வயதைக் கடந்தவர்கள், சீனி வியாதிக்காரர்கள், ஸ்டீரொய்ட் சொட்டுமருந்தை நீண்டநாள் ஊற்றியவர்கள் ஆகியோரையும் முதலில் பார்க்க வேண்டும். ஒருவருக்கு நோய் உறுதியானால் அவருடைய அண்ணன், தங்கை, வளர்ந்த பிள்ளைகளின் பெயர்களை அன்றே எழுதிக்கொள்வது நல்லது; அவர்களில் பலர் அதே தோட்டத்தில், பக்கத்து லயத்திலேயே இருப்பார்கள்.