வளரி முதல் அக்னி வரை

தொலைவில் நின்றே எதிரியைத் தாக்கும் ஆயுதங்களின் வரலாற்றில் ராமநாதபுரம் சீமைக்குத் தனி இடம் உண்டு. இங்கும் சிவகங்கையிலும் மறவர், கள்ளர் வீரர்கள் கையாண்ட வளரி, பிறை வடிவில் வளைந்த எறிபடை. மரத்திலும் இரும்பிலும் செய்யப்பட்டது. பிடிக்கும் முனை மெலிந்திருக்கும், மறுமுனை கனத்திருக்கும். மெலிந்த முனையைப் பற்றித் தோளுக்கு மேல் சுழற்றி வீசினால், கனத்த முனை வேகம் கூட்ட, சுழன்றுகொண்டே போய் மான் காலையும் குதிரைக் காலையும் முறித்துப்போடும். கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1795-இல் சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவிடமே வளரி வீசக் கற்றவர். தேர்ந்த கையில் அது நூறு கஜம் வரை குறி தவறாது என்று 1830-இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். அதற்குள் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டு 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1801 டிசம்பரில் கும்பினி அரசு பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை விதித்தது. வளரி தோற்றுப்போன ஆயுதம் அல்ல, பறிக்கப்பட்ட ஆயுதம்.

இதே சீமையின் கடற்கரையிலிருந்துதான் இந்தியாவின் ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைவர் கிடைத்தார். ராமேஸ்வரத்தில் 1931-இல் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், பறவை பறக்கும் விதத்தை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரையில் காட்டி விளக்கிய பாடமே தம்மை வானூர்தித் துறைக்குத் திருப்பியது என்று எழுதியிருக்கிறார். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி தூய வளனார் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. எனப் படிப்பு நகர்ந்தது. பின்னாளில் எழுத்தாளர் சுஜாதாவாக அறியப்பட்ட ரங்கராஜனும் அந்தக் கல்லூரியிலும் எம்.ஐ.டி.யிலும் பயின்றவரே.

இந்த ஒற்றுமை கவனிக்கத் தக்கது. கலாம் தலைமையில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 1983-இல் தொடங்கியது. சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதி, கமல்ஹாசன் நடிப்பில் 1986-இல் வெளிவந்த 'விக்ரம்' படத்தின் கதை, கடத்தப்படும் அணு ஏவுகணையைச் சுற்றியது. அதன் பெயர் அக்னிபுத்ரா. உண்மையான அக்னி 1989 மே 22 அன்றுதான் சந்திப்பூரிலிருந்து பறந்தது. ஏப்ரலில் ஒரு முயற்சி கைவிடப்பட்டு, மே தொடக்கத்தில் மற்றொன்று தள்ளிப்போன பிறகு கிடைத்த வெற்றி அது. அக்னி என்ற பெயர் திட்டத்தில் முன்பே இருந்ததால் சுஜாதாவைத் தீர்க்கதரிசி என்பது மிகை. தமிழ் வாசகருக்கு ஏவுகணையை அன்றாடப் பேச்சாக்கியதே அவருடைய சாதனை. படத்தில் காட்ட முடியாத கடினம் வேறு: வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது உண்டாகும் கொடும் வெப்பத்தைத் தாங்கும் கார்பன் முகப்பு. அதைச் சொந்தமாகச் செய்து காட்டுவதே முதல் அக்னியின் நோக்கம். முதல் அடுக்குக்கு, கலாம் முன்பு உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் திட எரிபொருள் பகுதியே பயன்பட்டது.

தொலைவிலிருந்தே செயல்படும் கருவிகளின் கதை இதே ராமநாதபுரம் சீமையில் தொடர்கிறது. இங்குள்ள உச்சிப்புளியில் இருந்த கடற்படை விமானத்தளம் 2009-இல் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் பெற்றது. 2012 ஏப்ரலில் அங்கே ஆளில்லா விமானப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு வந்த ஹெரான் விமானத்தின் இறக்கை அகலம் 16.6 மீட்டர். ஒரு நாளுக்கும் மேலாக வானில் நிற்கக்கூடியது. பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கண்காணிப்பதே இந்தப் பிரிவின் வேலை.