நார்த்தம்பழக் கணக்கும் சால்வரும்

9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் என்றால் 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

நம்மூர் கடைத்தெருக் கணக்கு மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் இதற்கு வயது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், சுமார் கி.பி. 850இல், மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் எழுதிய 'கணித சார சங்கிரகம்' என்ற வடமொழி நூலில் உள்ளது. (தீர்த்தங்கரர் மகாவீரர் வேறு, இவர் வேறு.) 11ஆம் நூற்றாண்டிலேயே பாவுலூரி மல்லனா இதைத் தெலுங்கில் தந்துவிட்டார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியார் சுவடிகளை ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் பதிப்பித்தார். அந்த உழைப்பு இல்லையென்றால் நமக்கு இந்தப் பழக்கணக்கு ஏது?

மகாவீரர் சொன்ன வழி இது. பெரிய தொகையைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்கு: 107 × 9 = 963. சிறியதைச் சிறியதால் பெருக்கு: 101 × 7 = 707. கழித்தால் 256. எண்ணிக்கைகளின் வர்க்க வித்தியாசம் 81 − 49 = 32. வகுத்தால் 8, அதுதான் நார்த்தம்பழத்தின் விலை. விளாம்பழம் 5. பள்ளியில் நாம் 'ஒருங்கமை சமன்பாடுகள்' என்று படித்தது இதைத்தான்.

இப்போது பேரப்பிள்ளைகள் எக்செல்லில் சால்வரைத் தட்டுகிறார்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1979இல் வந்த முதல் பிரபல விரிதாள் விசிகால்க். அதை விற்ற நிறுவனத்தைத் தொடங்கிய டான் ஃபில்ஸ்ட்ராதான் பின்னாளில் ஃபிரண்ட்லைன் சிஸ்டம்ஸ் மூலம் எக்செல்லுக்குச் சால்வரைச் செய்து கொடுத்தார். அதற்குள் ஓடும் கணித முறை லாஸ்டன், வாரன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்களுடையது.

சால்வர் மகாவீரர் மாதிரி நேராகப் போவதில்லை. வழக்கமாக அதில் முதலில் வந்து நிற்கும் முறை, நாம் கட்டத்தில் போட்ட எண்ணிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்து விடையை நெருங்குகிறது. பழக்கணக்கைக் கொடுத்தால் 8, 5 என்று சரியாகவே சொல்லிவிடும்.

சிக்கல் வேறிடத்தில். இரண்டாவது வரியை '18 நார்த்தம்பழம், 14 விளாம்பழம், 214' என்று மாற்றிப் பாருங்கள். அது முதல் வரியின் இரட்டிப்புதான். புதுச் செய்தி எதுவும் இல்லை. கையால் போட்டால் இரு பக்கமும் சைபராகிக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். சால்வரோ விடை கிடைத்துவிட்டது என்று ஏதோ ஒரு ஜோடி விலையைக் காட்டும். எத்தனையோ ஜோடிகளில் அது ஒன்று என்று சொல்லாது. கடைக்காரர் அதை நம்பி விலை எழுதினால் போச்சு!

அதனால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: தொடக்க எண்களை மாற்றிப்போட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும். விலையும் மாறினால், கொடுத்த விவரம் போதவில்லை.