சேலம் ஜவ்வரிசிக் கூட்டுறவும் பகிர்வின் எல்லையும்

முன்னுரை

சமூகத்தார் ஒருவருக்கொருவர் துணைநிற்றலைப் பொருளுதவியாக மட்டுமே காணும் வழக்கம் மிகுதி. இடரைப் பகிர்தல் அதனினும் ஆழமான வடிவமாகும். விலை வீழ்ந்த நாளில் விற்காமல் பொறுத்திருத்தல் சிறு உற்பத்தியாளர் தனித்து நின்று பெறற்கரிய வலிமை. அவ்வலிமையைக் கூட்டாக உருவாக்கிய ‘சேகோசர்வ்’ எனப்படும் சேலம் ஸ்டார்ச் மற்றும் ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் சேவைத் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தையும், அதன் பகிர்வு எவ்வெல்லையில் நின்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிலின் தோற்றம்

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து தடைப்பட்டது. இச்சூழலில் 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சி தொடங்கியது. சேலம் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் இதன் முன்னோடிகளாகக் குறிக்கப்பெறுகின்றனர். பின்னர் ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் வட்டாரங்களில் ஆலைகள் பெருகின.

காத்திருக்கும் ஆற்றல்

ஆலைகள் பெருகியும் விலை ஆலையாரின் கையில் இல்லை. கிழங்கு வாங்கவும் கூலி கொடுக்கவும் உடனடிப் பணம் வேண்டியிருந்தமையால், வணிகர் கேட்ட விலைக்கே சரக்கு கைமாறியது. இந்நிலையில் 1981இல் சேகோசர்வ் நிறுவப்பெற்றது. உறுப்பினர் தம் சரக்கைச் சங்கக் கிட்டங்கியில் வைத்து அதன்மீது முன்பணம் பெறலாம். விற்பனை மறைமுக ஒப்பந்தப்புள்ளி முறையில் நடைபெறும். முன்பணம் அவசர விற்பனையைத் தவிர்த்தது. ஒப்பந்தப்புள்ளி வணிகரிடையே போட்டியை உண்டாக்கியது. தனியொருவரின் நெருக்கடியை நிறுவனம் தாங்கிய இவ்வமைப்பு, கொடையை அன்றி விதியை அடிப்படையாகக் கொண்டது. ‘சேலம் ஜவ்வரிசி’ 2023இல் புவிசார் குறியீடு பெற்றதும் இக்கூட்டு முயற்சியின் தொடர்ச்சியே.

பகிர்வின் எல்லை

இச்சங்கம் உற்பத்தியாளர் சங்கம். மரவள்ளி உழவர் அதன் அமைப்புக்குப் புறத்தே நிற்கின்றனர். ஈண்டுப் பொருளின் இயல்பே உறவைத் தீர்மானிக்கிறது. உலர்ந்த ஜவ்வரிசியைப் பல மாதங்கள் சேமிக்கலாம். பத்து மாதம் விளைந்த கிழங்கோ, பறித்த இரண்டு மூன்று நாள்களில் கெடத் தொடங்கும். வண்டியேற்றிய கிழங்கைத் திருப்பிக் கொண்டுசெல்ல உழவரால் இயலாது. மேலும் விலை மாவுச்சத்துப் ‘பாயிண்ட்’ கணக்கில் அமைவதால், அளவீடு நிகழும் ஆலை வாயிலே பேரம் நிகழும் இடமுமாகிறது. மாவட்ட நிருவாகம் கூட்டும் முத்தரப்புக் கூட்டங்களில் கிழங்கு விலையும், மக்காச்சோள மாவுக் கலப்படமும் பேசுபொருளாவதற்கு இதுவே பின்னணி. கலப்படம் கிழங்கின் தேவையைக் குறைப்பதால் அதன் இழப்பு முதலில் உழவரைச் சேர்கிறது. நேர்மையான ஆலையாரும் விலைப்போட்டியில் பின்தங்குகின்றனர்.

முடிவுரை

சேமிக்கத்தக்க பொருளுடையோர்க்குச் சேகோசர்வ் காத்திருக்கும் ஆற்றலை வழங்கியது. அதற்கு ஒப்பான பாதுகாப்பு கிழங்குக்கு அமையவில்லை. பாயிண்ட் அளவீட்டில் இருதரப்பு மேற்பார்வையும், அறுவடை நாளை ஆலையின் அரைவைத் திறனோடு இணைக்கும் முன்னொப்பந்தமும் அவ்விடைவெளியைக் குறைக்கும். கூட்டுறவு வரலாற்றை எழுதுவோர் உறுப்பினர் எண்ணிக்கையோடும் விற்றுமுதலோடும் நின்றுவிடாமல், காத்திருக்க முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும்.