இந்தியா, இலங்கை: வனப்பரப்பு ஒப்பீடு

பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் காடு எவ்வளவு இருந்தது, எவ்வளவு மிஞ்சியது என்பதை ஆண்டுவாரியாக வைத்துப் பார்க்கும் கணக்கு இது. இந்தியாவின் பரப்பு 32,87,263 சதுர கிலோமீட்டர். இலங்கையின் பரப்பு 65,610. ஐம்பதில் ஒரு பங்கு என்பதால் விழுக்காட்டை வைத்தே ஒப்பிடுவது வழக்கம்.

இலங்கைக் காட்டின் கதை 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் திரும்புகிறது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரிய காணி என்றது அச்சட்டம். கண்டி மலைநாட்டுக் காடு ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குத் துரைமார் கைக்குப் போய்க் காப்பித் தோட்டமானது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து ஆட்கள் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1869இல் இலைத்துரு நோய் காப்பியைத் தாக்கியது. காப்பி போனபின் தேயிலை வந்தது, காடு திரும்பவில்லை. காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்த குடியானவனே காட்டை அழித்தான் என்று காலனி அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். மலைநாட்டை மொட்டையடித்தது தோட்டந்தான்.

இந்தியாவில் 1864இல் வனத்துறை பிராண்டிஸ் தலைமையில் அமைந்தது. 1865, 1878 ஆண்டுகளின் வனச் சட்டங்களில் இரண்டாவதைச் சென்னை மாகாணம் ஏற்கவில்லை. மேய்ச்சல், விறகு, வயலுக்குத் தழை என ஊராருக்கிருந்த பாத்தியதையை அது பறிக்கும் என்பது வருவாய் அதிகாரிகளின் வாதம். கடைசியில் 1882இல் மாகாணத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. காப்புக்காடு அதன் வழியாகவே ஊர் எல்லைகளில் நிலைபெற்றது. அதே 1882இல் இலங்கைக் காடுகளைப் பற்றி இந்திய வனத்துறையின் வின்சென்ட் அறிக்கை தந்தார். 1885இல் அங்கும் வனச் சட்டம் வந்தது.

இனி எண்கள். இலங்கையில் 1956இல் நிலத்தின் 44 விழுக்காடாக இருந்த காடு, 1983இல் ஏறக்குறைய 27 ஆகச் சுருங்கியது. மகாவலி ஆற்றுப் பாசனத் திட்டக் குடியேற்றங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இந்திய வன அளவைத் துறையின் 1987ஆம் ஆண்டு முதல் அறிக்கை 6,40,819 சதுர கிலோமீட்டர் என்றது. 1999இல் 6,37,293 ஆக இருந்தது 2001இல் 6,75,538 ஆயிற்று. இரண்டே ஆண்டில் 38,245 சதுர கிலோமீட்டர், அதாவது இலங்கையில் பாதிக்கும் மேல்! மரம் வளர்ந்து வந்த கூடுதல் என்று இதைக் கொள்ள முடியாது. அதுவரை 25 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகள் வரைபடத்தில் ஏறவில்லை. 2001 முதல் ஒரு ஹெக்டேர் துண்டும் ஏறியது.

ஒரு ஹெக்டேர் நிலம், அதில் பத்து விழுக்காடு மரநிழல் இருந்தால் இந்தியக் கணக்கில் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வி இல்லை. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனிப் பேருந்து ஏறுபவர் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் முள்ளும் பாறையுமான சரிவுகளைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட சரிவு காப்புக்காடாகவே இருந்தாலும் நிழல் பத்து விழுக்காட்டைத் தொடாவிட்டால் புதர் என்று தள்ளுபடியாகும். சோழவந்தான் பக்கம் வைகைப் பாசனத்தில் நிற்கும் தென்னந்தோப்போ காடாகப் பதிவாகும். கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலமும் அப்படியே. இலங்கைக் கணக்குக்கு எடுத்தாளப்படும் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் வரையறையில் அரை ஹெக்டேரே போதும். ஆனால் பழத்தோப்பு போன்ற விவசாய நிலத்துக்கு அதில் இடமில்லை. இரு நாட்டு எண்களையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்றைய நிலை: இந்தியா 2023 அறிக்கைப்படி 7,15,343 சதுர கிலோமீட்டர், 21.76 விழுக்காடு, இலங்கை 2020இல் ஏறக்குறைய 21 லட்சம் ஹெக்டேர்.