ஆட்டின் இதயத்தில் ஓடிய ஒரு லூப்

ஒரு ஆப்பை ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி லோடு டெஸ்ட் போடுவோம். தாங்குதா, படுத்துடுதான்னு பார்க்க வேணும்னே அழுத்தம் கொடுப்போம். இதயத்துக்கும் இப்படி ஒரு டெஸ்ட் இருக்கு. தொடைப் பக்கம் இருக்கிற ரத்தக்குழாய் வழியா மெல்லிய வயரை இதயத்தின் மேலறை வரைக்கும் கொண்டுபோய், வேகவேகமா மின்துடிப்பு கொடுப்பாங்க. மேலறை ஒழுங்கா சுருங்காம வெறுமனே நடுங்க ஆரம்பிக்குதான்னு பார்ப்பாங்க. அந்த நடுக்கத்துக்குப் பேர்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நடுங்குற அறையில ரத்தம் தேங்கும், உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். யாருக்கு இது வரக்கூடும்னு முன்கூட்டியே தெரிஞ்சா எவ்வளவு நல்லது!

ஆனா இந்த டெஸ்ட்டோட வரலாறு கொஞ்சம் விசித்திரம். நோய் இன்னதுன்னு புரியறதுக்கு முன்னாடியே, அதை வரவழைக்கிற வழி தெரிஞ்சிருந்தது. 1887-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் மெக்வில்லியம், விலங்குகளின் மேலறையில் மின்சாரம் பாய்ச்சி, அது படபடவென்று நடுங்குவதைப் பதிவு செய்தார். நோயாளிகளின் நாடியில் டாக்டர்கள் பார்த்துவந்த தாறுமாறான துடிப்பும் இதுவும் ஒண்ணுதான்னு ஈசிஜி வைத்து உறுதியானது 1909-ல். லண்டனில் தாமஸ் லூயிஸ், வியன்னாவில் ரோத்பெர்கரும் விண்டர்பெர்க்கும். ரெண்டு ஊரிலும் ஒரே வருஷம்.

சரி, மின்சாரத்தை நிறுத்தின பிறகும் நடுக்கம் ஏன் ஓடுது? அமெரிக்காவின் கோர்டன் மோ 1959-ல் ஒரு பதில் சொன்னார். ஆரம்பிச்சு வச்ச புள்ளி தேவையே இல்லை. பல சின்ன அலைகள் மேலறைக்குள் அலைந்து ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டிருந்தால் போதும். 1964-ல் கணிதவியலாளர் வெர்னர் ரைன்போல்ட், ஆபில்ட்ஸ்காவ் ஆகியோரோடு சேர்ந்து இதை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். 992 அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொண்ணும் ஒரு துண்டு தசை. துடித்ததும் கொஞ்ச நேரம் ஓய்வு, அப்போ எத்தனை தடவை தட்டினாலும் எழுந்திருக்காது. இந்த ஓய்வு நேரம் கட்டத்துக்குக் கட்டம் வேறுபட்டபோது, வேகமான சில தூண்டல்களில் கிளம்பிய அலை உடைந்து சிதறி, தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. கான்வேயோட ‘கேம் ஆஃப் லைஃப்’ ரசிகர்கள் கவனிங்க, அது வெளிவந்ததே 1970-லதான்!

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் அடுத்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரம், மௌரிட்ஸ் அலெஸ்ஸியின் குழு, 1995-ல் வெளிவந்த ஆய்வு. ஆடுகளின் மேலறையில் மின்முனைகளைப் பொருத்தி, ஒரு தானியங்கிக் கருவியோடு இணைத்தார்கள். கோடா எழுதினா மூணே வரி: துடிப்பைக் கவனி, சீராக இருந்தால் ஒரு விநாடி மின்துடிப்பு கொடு, மறுபடி கவனி. ராத்திரி பகலா இதே லூப். முதலில் நடுக்கம் சில விநாடிகளில் தானாக அடங்கியது. நாளாக நாளாக நீண்டது. கடைசியில் 11 ஆடுகளில் 10-ல் அது 24 மணி நேரத்தையும் தாண்டி நிக்காம ஓடியது. அந்த நிலைக்குப் போக சராசரியா ஆனது ஒரே வாரம்.

காரணம் அதே ஓய்வு நேரம்தான். நடுக்கம் தசையின் ஓய்வைச் சுருக்கியது. ஓய்வு சுருங்கினா அதே அறைக்குள்ள இன்னும் நிறைய அலைகளுக்கு இடம். துடிப்பு சீரானதும், ஒரு வாரத்துக்குள் ஓய்வு நேரம் பழையபடி ஆனது.

இது டெஸ்ட்டையே கேள்வி கேட்குது, இல்லையா? போன வாரம் தாங்கின ஆடு இந்த வாரம் தாங்கல. இது பிறவிக் குணம் மாதிரி மாறாத ஒண்ணு இல்லை. போதாக்குறைக்கு, ரொம்ப வேகமா, திரும்பத் திரும்பத் துடிப்பு கொடுத்தா இந்த நோயே இல்லாதவருக்கும் கொஞ்ச நேரம் நடுக்கம் வரலாம். எந்த வேகம், எத்தனை தடவைன்னு எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவான அளவும் கிடையாது. ரிக்வெஸ்டை ஏத்திக்கிட்டே போனா எந்த சர்வரும் விழும். அந்த ஒரு ரிசல்ட்டை மட்டும் வச்சு “உங்களுக்கு வரப்போகுது”ன்னு ஒருத்தர்கிட்ட சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

ஆனா அந்த லூப் வேற ஒரு கேள்வியைக் கிளப்பிச்சு: நடுக்கம் தன்னையே வளர்த்துக்கும்னா, காத்திருக்கிறது ஆபத்தா? ஐரோப்பாவில் நடந்து 2020-ல் முடிவு வெளியான ஈஸ்ட் ஆய்வில், நோய் தெரிந்து ஓராண்டுக்குள் இருந்த 2,789 பேர் சேர்ந்தார்கள். ஆரம்பத்திலேயே துடிப்பைச் சீராக்க முயன்ற குழுவில் இதயநோய் மரணம், பக்கவாதம், இதயக் கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்வது, இவற்றின் மொத்த எண்ணிக்கை குறைந்தது.

அடுத்த எபிசோடுல, மலேரியாவுக்கான கொயினாவைச் சாப்பிட்டு தன் இதயத் துடிப்பைத் தானே சரிபண்ணிக்கிட்ட ஒரு டச்சு வியாபாரியோட கதை. சந்திப்போம்.