கோயிலை யாரிடம் ஒப்படைப்பது? அறநிலையத் துறை விவாதத்தில் பழைமைவாதத்தின் மூன்று குரல்கள்

கோயில்களை அரசின் பிடியிலிருந்து மீட்க வேண்டும் என்பது இன்று இந்திய வலதுசாரி அரசியலின் நிலையான முழக்கங்களுள் ஒன்று. 2021 சட்டமன்றத் தேர்தலையொட்டி ஈஷா நிறுவனர் ஜக்கி வாசுதேவ் இதைத் தமிழ்நாட்டில் பெரும் பரப்புரையாக்கினார். 2025 ஜனவரியில் விசுவ இந்து பரிஷத் விஜயவாடாவில் கூட்டம் நடத்தி நாடு தழுவிய இயக்கமாக இதை முன்வைத்தது. ஆதரிப்போர் இக்கோரிக்கையை ஒரே குரலாகக் கேட்கிறார்கள். எதிர்ப்போரும் அப்படித்தான்; கோயிலை மறுபடி ஒரு சாதியின் கையில் கொடுக்கும் சூழ்ச்சி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று பழைமைவாதங்கள் இதற்குள் இருப்பதை இரு தரப்பாரும் கவனிப்பதில்லை. அந்தந்தத் தலத்தின் வழக்கத்தைக் காக்க நினைப்பது ஒன்று. தனியார் சொத்திலும் சங்கங்களிலும் அரசு கைவைக்கக் கூடாது என்பது இன்னொன்று. இந்து என்னும் பெரும்பான்மை அடையாளத்துக்கு நிறுவன உருவம் தேடுவது மூன்றாவது. அரசு வெளியேறட்டும் என்பது வரை மூன்றும் சேர்ந்து நடக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் வழி பிரிந்துவிடும்.

பழைமையிலிருந்தே தொடங்குவோம். அரசனுக்குக் கோயிலில் என்ன வேலை என்ற கேள்வி சோழர் காலத்தில் எவருக்கும் எழுந்திருக்காது. அரச அதிகாரிகள் வந்து கோயில் கணக்கை ஆராய்ந்ததையும், தடைப்பட்ட நிவந்தங்களை மீண்டும் நடத்தியதையும், முறைகேடு செய்தோரைத் தண்டித்ததையும் கல்வெட்டுகள் பேசுகின்றன. ஆனால் அதே கல்வெட்டுகளில் நிலத்தையும் பொன்னையும் ஏற்றுக்கொண்டு விளக்கெரிக்கக் கடமைப்படுவோர் சபையாரும் ஊராரும் நகரத்தாரும்தான். பல சாசனங்கள் அரசனின் ஆணையில் முடிவதில்லை, 'பன்மாகேசுவரர் ரட்சை' என்று அடியார் கூட்டத்தின் காவலில் முடிகின்றன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை ஆராய்ந்து அர்ஜுன் அப்பாதுரை 1981-இல் வெளியிட்ட நூல் இந்த உறவை நன்கு விளக்குகிறது. வழக்கு எழுந்தால் அரசன் வருவான், அந்த வழக்குக்கு மட்டும் தீர்ப்புச் சொல்வான், போய்விடுவான். அவன் சொன்னது வேறோர் ஊர்க் கோயிலுக்குச் சட்டமாகாது. ஆங்கிலேய நீதிமன்றங்கள் வந்த பிறகுதான் ஒரு கோயிலின் தீர்ப்பு எல்லாக் கோயிலுக்கும் முன்னுதாரணமாயிற்று.

ஆகவே 'மன்னர்களும் இதைத்தானே செய்தார்கள்' என்ற, கோயில்களைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் தமிழக அறநிலையத் துறையின் ஆதரவாளர் வாதம் பாதிதான் சரி. மன்னன் உண்டியல் எண்ணவில்லை, அர்ச்சனைச் சீட்டு விற்கவில்லை, கடைக்கு ஏலம் விடவில்லை. 'கோயில்கள் என்றும் சுதந்திரமாக இருந்தன' என்ற எதிர்வாதமோ பாதிகூடச் சரியில்லை.

1817-இல் சென்னை மாகாணத்தின் 7-ஆம் ஒழுங்குவிதி, அறக்கட்டளைகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. கலெக்டர்கள் தேர்த் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்யும் காட்சி இங்கிலாந்தில் கிறித்தவ மறைபரப்பு வட்டாரங்களை உறுத்தியது. உருவ வழிபாட்டுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி காவல் நிற்பதா என்று அவர்கள் தொடர்ந்து நெருக்கவே, 1840-களில் கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. 1863-ஆம் ஆண்டின் சமய அறக்கட்டளைச் சட்டம் அந்த விலகலை உறுதிசெய்தது. நம் காலத்து மீட்பு இயக்கத்தார் கனவு காணும் நிலை, அதாவது அரசு இல்லாத கோயில், நவீன காலத்தில் ஒருமுறை நடைமுறையில் இருந்தது. அதைப் பெற்றுத் தந்தோர் பாதிரிமார்கள். அந்தக் காலத்தில் கோயில் நிலங்கள் என்ன ஆயின, கட்டளைகள் எப்படி நின்றுபோயின என்பதற்குப் பழைய உரிமையியல் வழக்குகளே சான்று. கட்டுப்பாடு வேண்டும் என்று முறையிட்டோரில் பக்தியுள்ள இந்துக்கள் ஏராளம்.

நீதிக் கட்சியின் பனகல் அரசர் அமைச்சரவை கொண்டுவந்த அறநிலையச் சட்டம் 1925-இல் நிறைவேறியது. அதன் செல்லுபடி கேள்விக்குள்ளாகவே 1927-இல் மறுபடி இயற்றப்பட்டது. சட்டமன்றத்தில் அதை எதிர்த்தவர்களில் முன்நின்றவர் எஸ். சத்தியமூர்த்தி. அதே 1925-இல் பஞ்சாபில் சீக்கிய குருத்வாராச் சட்டம் வந்தது. ஒரே நோய்க்கு, அதாவது கேள்வி கேட்பாரில்லாத பரம்பரை நிர்வாகிகளுக்கு, இரு மாகாணங்களும் இரு வேறு மருந்துகளைத் தேர்ந்தன. 1921-இல் நன்கானா சாகிபில் உயிர்ப்பலி கொடுத்துப் போராடிய சீக்கியர்கள், மகந்துகள் எனப்பட்ட அந்த நிர்வாகிகளை அகற்றிவிட்டுச் சமூகமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் குருத்வாராக்களை ஒப்படைத்தார்கள். சென்னையில் அரசு நியமித்த வாரியம் வந்தது. 1951-இல் வாரியமும் போய், ஆணையர் தலைமையில் அரசுத் துறையே வந்தது. இன்றுள்ள 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் தொடர்ச்சி. பஞ்சாபில் வாக்காளரான பக்தர் சென்னையில் மனுதாரராக மட்டும் நின்றார். இந்த வேறுபாடுதான் நூறாண்டுச் சிக்கலின் வேர் என்பது என் கருத்து. பஞ்சாப் முறையும் குறையற்றதென்று சொல்லவில்லை. அந்தத் தேர்தல் குழுவான சிரோமணி குருத்வாரா குழுவுக்குக் கடைசிப் பொதுத் தேர்தல் 2011-இல் நடந்தது. அகாலி தளத்தின் நிழலிலிருந்து அக்குழு பல பத்தாண்டுகளாக வெளிவரவில்லை.

மூன்று குரல்களுக்கு வருவோம். முதற்குரல் வழக்கத்தின் குரல். அதன் சட்ட மொழி 1954-ஆம் ஆண்டு சிரூர் மடத் தீர்ப்பில் உருவானது. ஒரு சமயத்தின் இன்றியமையாத கூறு எது என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதன் மிகத் தெளிவான வெற்றி சிதம்பரம். பொது தீட்சிதர்கள் தனிச் சமயப் பிரிவினர் என்பதை ஏற்று, சபாநாயகர் கோயிலுக்குச் செயல் அலுவலரை நியமித்ததை 2014 ஜனவரி 6-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. முறைகேட்டைச் சரிசெய்ய அரசு உள்ளே வரலாம், சரியானதும் வெளியேறிவிட வேண்டும், காலவரையின்றித் தங்கக் கூடாது என்றும் சொன்னது. சோழ மன்னனின் வேலையை நவீனச் சட்ட மொழியில் எழுதியது போன்ற தீர்ப்பு இது. அளவுக்குள் நிற்கும்வரை இந்தக் குரலை எளிதில் மறுக்க முடியாது.

அளவு மீறும் இடம் அர்ச்சகர் நியமனம். பரம்பரை உரிமையை ஒழித்த தமிழக அரசின் சட்டத் திருத்தத்தை 1972-இல் சேஷம்மாள் வழக்கு ஏற்றுக்கொண்டது. நியமனம் உலகியல் செயல், ஆனால் ஆகமம் விதிக்கும் தகுதி மீறப்படக் கூடாது என்றது. 2015-இல் ஆதி சைவ சிவாச்சாரியார்கள் வழக்கும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நின்றது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற 24 அர்ச்சகர்கள் நியமன ஆணை பெற்றார்கள். ஆகமங்களில் எது தகுதியைச் சொல்கிறது, எது வழக்கமாகப் பின்னர் படிந்தது என்பதை ஒவ்வொரு கோயிலாகப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். வழக்கத்தைக் காப்போர் அந்த ஆய்வுக்கு அஞ்சினால், அவர்கள் காப்பது ஆகமத்தையா பரம்பரையையா என்ற ஐயம் நியாயமாகவே எழும்.

இன்னொன்றையும் இவர்கள் மறைக்காமல் பேச வேண்டும். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் பட்டியல் சாதியினரும் நாடாரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, வழக்கம் அவர்களுக்கு எதிராக இருந்தது. ராஜாஜி அரசு கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டம்தான் அந்த நுழைவைக் காத்தது. வழக்கம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று காத்திருந்தால் எத்தனை தலைமுறை வாசலில் நின்றிருக்கும்?

ராஜாஜியின் பெயர் நம்மை இரண்டாவது குரலுக்குக் கொண்டுவருகிறது. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, உரிமமும் அனுமதியும் கொண்டு ஆளும் அரசை எதிர்த்தவர் அவர். இந்திய அரசியலில் கொள்கைத் தெளிவுள்ள பழைமைவாதி என்று சொல்லத்தக்கவர் அவரைப் போல் மிகச் சிலரே. அவரே கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தார் என்பது முரண்பாடாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுவழிபாட்டுத் தலத்தில் நுழையும் உரிமையைக் காப்பது அரசின் வேலை, அதை நடத்துவது அரசின் வேலையில்லை என்ற கோடு அங்கே இருக்கிறது. மீட்பு இயக்கத்தின் நியாயமான பகுதி இந்தக் கோட்டில்தான் நிற்கிறது.

துறையின் மீதான குற்றச்சாட்டுகளும் இங்கேதான் வலுப்பெறுகின்றன. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம். இவற்றை ஓர் அரசுத் துறை செம்மையாக நடத்தும் என்று நம்ப ஒரு பழைமைவாதியால் மட்டுமன்று, அலுவலகத்தில் கோப்பு நகர்வதைப் பார்த்த எவராலும் முடியாது. ஆக்கிரமிப்பும் குத்தகை நிலுவையும் ஊரறிந்தவை. வருமானமுள்ள கோயில்கள் நிர்வாகத்துக்கும் தணிக்கைக்கும் துறைக்கே பணம் கட்டுகின்றன. ஒரு கால பூசைக்கு எண்ணெய் இல்லாத கிராமக் கோயில்கள் அதே பட்டியலில் கிடக்கின்றன. திருப்பணி என்ற பெயரில் கல்மண்டபங்களுக்கு நேர்ந்த கேடுகளைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2021 ஜூனில் 75 வழிகாட்டுதல்களை வழங்க வேண்டியிருந்தது. கோயில் பணத்தில் கல்லூரி தொடங்குவது சரியா என்ற வழக்கும் வந்தது. கல்வி நல்லதுதான் என்று இதற்கு விடை சொல்வது போதாது. கொடுத்தவர் எதற்குக் கொடுத்தார் என்பதே அறக்கட்டளைச் சட்டத்தின் முதற் கேள்வி.

மூன்றாவது குரல்தான் இன்று உரத்துக் கேட்கிறது. அது கொள்கையில் நிற்பதில்லை என்பதற்கு இரு சான்றுகள் போதும். 2019-இல் உத்தராகண்டில் பாரதிய ஜனதா அரசே சார்தாம் தேவஸ்தான நிர்வாகச் சட்டத்தைக் கொண்டுவந்து, பத்ரிநாத், கேதார்நாத் உட்பட 51 கோயில்களை வாரியத்தின் கீழ்க் கொண்டுபோனது. தீர்த்தப் புரோகிதர்கள் இரண்டு ஆண்டுகள் போராடினார்கள். தேர்தல் நெருங்கிய 2021 நவம்பர் 30 அன்று முதல்வர் தாமி சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சென்னையில் அடிமைத்தளையாகத் தெரிந்த ஏற்பாடு, தேராதூனில் நல்லாட்சியாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது சான்று 2025-ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம். தமிழக அறநிலையத் துறை ஆணையர் இந்துவாக இருக்க வேண்டும் என்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனை. அதை எந்த வலதுசாரியும் குறை சொன்னதில்லை. வக்ஃப் அவையிலும் வாரியங்களிலும் முஸ்லிம் அல்லாதோரும் இடம்பெற வேண்டும் என்றது புதிய திருத்தம். வாரியம் சமயச் சடங்குகளைத் தொடுவதில்லை, சொத்தை மட்டுமே பார்க்கிறது என்பது ஒன்றிய அரசுத் தரப்பின் வாதம். இதே வாதத்தைத்தான் தமிழக அரசு ஐம்பது ஆண்டுகளாகக் கோயில் வழக்குகளில் சொல்லிவருகிறது. இதைவிட வியப்பானது, நெடுங்காலப் பயன்பாட்டால் உருவாகும் வக்ஃப் என்ற வகையை இனி ஏற்பதில்லை என்ற முடிவு. தலைமுறை தலைமுறையாக அனுபவித்துவருவதே உரிமைக்குச் சான்று என்பதைப் பழைமைவாதி கைவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? பட்டா இல்லாத எத்தனையோ ஊர்க் கோயில்கள் அந்தச் சான்றில்தான் நிற்கின்றன. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்தி, முஸ்லிம் அல்லாத உறுப்பினர் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. பயன்பாட்டு வக்ஃப் நீக்கத்தை அது நிறுத்தவில்லை.

மூன்றாவது குரலின் உள்ளார்ந்த விருப்பம் அரசு வெளியேறுவதன்று. சமூகத்தின் பெயரால் ஒரே மைய அமைப்பு கோயில்களை ஆள்வது. 'இந்து சமுதாயத்திடம் ஒப்படையுங்கள்' என்ற கோரிக்கையின் உட்பொருள் அதுதான். தில்லையின் தீட்சிதருக்கும், திருவரங்கத்தின் ஸ்தலத்தாருக்கும், வைகாசியில் கொடைவிழா எடுக்கும் ஓர் அம்மன் கோயில் ஊராருக்கும் பொதுவாக அப்படி ஒரு சமுதாயம் கோயில் வரலாற்றில் இருந்ததில்லை. முதற்குரலார் இதைக் கண்டு அஞ்ச வேண்டும். ஆணையரை எதிர்த்து வழக்காடி வெல்லலாம் என்று சிதம்பரம் காட்டியது. பெரும்பான்மையின் பெயரால் பேசும் அமைப்பை எதிர்த்து ஒரு சிறு பிரிவினர் எங்கே போவார்கள்?

நேர்மையான பழைமைவாத விடை ஒன்று இருக்கிறது. அது ஏற்கெனவே சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலை அதிகாரி நடத்த வேண்டும் என்று எண்ணி எழுதப்பட்டதன்று. அறங்காவலர் குழு நடத்தும், துறை மேற்பார்வை செய்யும் என்பதே அதன் அமைப்பு. குழுவில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவரும் பெண் ஒருவரும் இருக்க வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. கோயில் நுழைவு வென்றெடுத்ததை இது நிர்வாகத்துக்குள் கொண்டுவருகிறது. நடைமுறையில் இரு கழக ஆட்சிகளிலும் அறங்காவலர் இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன, தக்கார் என்ற பெயரில் துறை அலுவலரே அந்த நாற்காலியில் அமர்ந்தார். நிரப்பிய இடங்களிலும் கட்சிச் சார்பு கலந்திருந்தது என்ற புகார் இரு ஆட்சிகளுக்கும் பொது. இன்று மீட்பு இயக்கம் எதிர்க்கும் அரசுப் பிடியின் பெரும்பகுதி இந்தக் காலியிடத்தில் வளர்ந்தது.

தமிழ்நாடு, ஆந்திரம், புதுச்சேரிச் சட்டங்களை எதிர்த்து சுவாமி தயானந்த சரஸ்வதி 2012-இல் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றங்களை நாடுமாறு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் அந்த வழக்கை எடுத்துச் செல்வோர் சட்டம் முழுவதையும் நீக்கக் கோரி இன்னொரு பத்தாண்டைச் செலவிட வேண்டாம். ஒவ்வொரு கோயிலுக்கும் அந்த ஊர் வழிபடுவோரிலிருந்து அறங்காவலரைக் கெடுவுக்குள் நியமிக்கவும், செயல் அலுவலரின் பதவிக்கு 2014 தீர்ப்பின்படி முடிவுநாள் குறிக்கவும், கணக்கைக் கோயில் வாசலிலேயே ஒட்டிவைக்கவும் ஆணை கேட்கட்டும். அரசும் அதை எதிர்த்து வாதாடாமல் இருக்கட்டும்.