வைக்கோல் மாடும் கொழுக்கட்டைப்புல் மாடும்

காவிரிப் படுகையின் கீழ்க்கோடியில் ஒரு நாட்டு மாடு, மேற்கே ஒரு நாட்டு மாடு. தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உம்பளச்சேரிக்குச் சேற்றுழவுக்கேற்ற குட்டைக் காலும் உறுதியான குளம்பும் உண்டு. நொய்யலும் அமராவதியும் ஓடும் கொங்கு மேட்டின் காங்கேயம், கவலை இறைத்தும் பாரவண்டி இழுத்தும் பெயர் வாங்கியது. இரண்டின் கன்றும் சிவப்பாய்ப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். கொம்பையும் திமிலையும் வைத்து இவற்றை ஒப்பிட்டவர்கள் பலர். எலும்பிலும் பல்லிலும் படிந்திருக்கும் தீனியை (உம்பளச்சேரிக்குப் பெரிதும் வைக்கோல், காங்கேயத்துக்குக் கொழுக்கட்டைப்புல்) வைத்து ஒப்பிட்டால் இன்னும் ஆழமான வேறுபாடு தெரியும்.

கார்பனில் எடை குறைந்த 12, எடை கூடிய 13 என இரண்டு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. கதிரியக்கம் இல்லாததால் இவை காலப்போக்கில் சிதைவதில்லை. நெல், உளுந்து, கடலை, மரங்கள் ஆகியவை ஒளிச்சேர்க்கையின்போது கார்பன்-13ஐப் பெரிதும் ஒதுக்கும். கம்பு, சோளம், கரும்பு, அருகு, கொழுக்கட்டைப்புல் அவ்வளவு ஒதுக்குவதில்லை. ஆயிரத்தில் பங்காகக் கணக்கிடும் உலக அளவுகோலில் முதல் கூட்டம் சுமார் -27, அடுத்தது சுமார் -13. தின்ற தீனியின் இந்த விகிதம் விலங்கின் உடலிலும் பதிகிறது என்பதை 1978இல் டிநீரோவும் எப்ஸ்டைனும் நிறுவினார்கள். பெரிய தாவர உண்ணிகளின் எலும்புப் புரதமான கொலாஜனில் அது தீனியைவிட ஏறத்தாழ 5 கூடி நிற்கும். பல் எனாமலில் 14 கூடும்.

ஆகவே வைக்கோல் மட்டுமே தின்று வளர்ந்த மாட்டின் கொலாஜன் -22 அருகே இருக்க வேண்டும். கொழுக்கட்டைப்புல் மட்டுமே மேய்ந்ததற்கு -8. எனாமலில் முறையே -13, +1. இவை கணக்கு தரும் எதிர்பார்ப்புகளே, அளந்த எண்கள் அல்ல.

எந்த மாடும் ஒன்றையே தின்பதில்லை. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் புல் காய்ந்த கோடையில் காங்கேயம் வெள்வேலங்காயைத் தின்னும். வீட்டில் கடலைக்கொடி கிடைக்கும். காயும் கொடியும் நெல்லின் கூட்டத்தைச் சேர்ந்தவை. டெல்டாவில் இதற்கு நேர்மாறு. வைக்கோல் வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. உம்பளச்சேரிக்குச் சத்து சேர்ப்பவற்றில் வரப்போர அருகும் ஒன்று; அருகோ கம்பின் கூட்டம். தின்ற அளவும் உடம்பில் ஒட்டிய அளவும் ஒன்றாக இருக்குமா?

இந்தக் கேள்விக்குக் காவிரிக்கு நீர் தரும் காடுகளிலிருந்தே ஒரு விடை வந்திருக்கிறது. சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பக்கம் யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ராமன் சுகுமார், ஐசோடோப்பு அறிஞர் ஆர். ரமேஷுடன் சேர்ந்து தென்னிந்திய யானைகளின் எலும்பை அளந்து 1992இல் எழுதினார். அந்த யானைகள் ஒரு பருவத்தில் புல்லும் இன்னொரு பருவத்தில் தழையும் பட்டையுமாகத் தின்பவை. தின்ற அளவோடு ஒப்பிட்டால், எலும்பில் தழையின் கார்பனே கூடுதலாகச் சேர்ந்திருந்தது. தழையில் புரதம் அதிகம் என்பது காரணமாக இருக்கலாம் என்றார்கள். வளர்ந்த யானைகளில் எண்கள் -16.0 முதல் -20.3 வரை நெருங்கி நின்றன, இளையவற்றில் -10.5 முதல் -22.7 வரை சிதறின. வளரும் எலும்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுவதால் அதில் அண்மைப் பருவத்தின் தீனியே மேலோங்கும். வயது தெரியாமல் எலும்பைப் படிப்பது ஆபத்து என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு நம் மண்ணிலிருந்து வந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

யானைக் கணக்கை மாட்டுக்கு அப்படியே பொருத்திவிடவும் கூடாது. யானை பின்குடலில் செரிப்பது. அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீனியைச் சிதைத்துப் புதுப் புரதம் கட்டுகின்றன. வைக்கோலின் கார்பனும் அந்த வழியாக எலும்பு வரை போகலாம். அதனால் உம்பளச்சேரியில் அருகின் சாயல் யானையில் தழைக்கு வந்த அளவு மிகைப்படாது என்பதே என் கணிப்பு. சோதித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பழங்காலத்துக்குப் போக எனாமலே வழி. வெப்பமும் ஈரமும் கொலாஜனைக் கரைத்துவிடும். டெல்டா வண்டலில் அந்த இழப்பு அதிகமாகவே இருக்கும். குஜராத்தின் பகஸ்ராவில் ஹரப்பா காலக் கால்நடைப் பற்களை அளந்த பிராட் சேஸ், அஜித்பிரசாத் குழு, மாடுகள் பெரிதும் கம்புக் கூட்டத்துத் தீனியே தின்றதை 2014இல் காட்டியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழ்ந்த கொடுமணல் நொய்யல் கரையில், காங்கேயம் மாடு வளரும் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. அங்கும் பூம்புகார்ப் பக்கமும் கிடைக்கும் பற்களை அருகருகே வைத்தால், நெல்லும் கம்பும் எந்தக் காலத்தில் எந்த மாட்டின் தீனியாயின என்று கேட்க முடியும். நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததில் காற்றின் கார்பன்-13 விகிதம் ஏறத்தாழ 2 இறங்கியிருப்பதால், பழைய பல்லை இன்றைய மாட்டோடு ஒப்பிடும்போது அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்றைய மாட்டின் அளவோ கலங்கி வருகிறது. டெல்டாத் தொழுவத்துக்குக் கம்பின் கூட்டத்தைச் சேர்ந்த கம்பு நேப்பியர் புல்லும் மக்காச்சோளம் கலந்த தீவனமும் வந்துவிட்டன; டெல்டா வைக்கோல் லாரியேறி மேற்கே போகிறது. இரு கோடிகளும் நடுவை நோக்கி நகர்கின்றன. அதற்குள் இன்றைய தீனியைப் பதிந்துவைக்க வால்மயிரே போதும். வாலின் நுனிமயிர் மாதம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளரும். ஒரு நீண்ட மயிரில் பல மாதத் தீனி வரிசையாகப் பதிந்திருக்கும், அதை வெட்டினால் மாட்டுக்கு வலியும் இல்லை. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இன்னும் வைக்கோலும் வரப்புப் புல்லும் மட்டுமே தின்னும் உம்பளச்சேரிகளின் மயிரையும், கொறங்காட்டிலேயே மேயும் காங்கேயங்களின் மயிரையும், தீனி விவரத்தோடு இப்போதே சேகரித்து வைக்க வேண்டும்.